படத்துக்கு ஒரு முழுக்கைச் சட்டை

என் மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது, அவளுடைய தோலைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் வெள்ளவத்தையில் இருக்கவில்லை. சொல்வதற்கு அவர்களுக்கு நேரமும் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்திலிருந்து சண்டைக்குத் தப்பி வந்து, வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள். காலையில் தபால்காரனைப் பார்ப்பார்கள், பின்னேரம் கடற்கரையில் காற்று வாங்குவார்கள், இரண்டுக்கும் நடுவில் என் பிள்ளையைப் பார்ப்பார்கள்.

அவளுக்கு முழங்கை மடிப்பிலும் மணிக்கட்டிலும் முழங்காலுக்குப் பின்னாலும் கழுத்திலும் ஓயாத கடி. நுளம்புக் கடி என்றால் வலை கட்டலாம், இது தோலே கடிக்கிற கடி. சொறிவாள், சிவக்கும், நீர் வடியும், பொருக்குக் கட்டும், அதையும் சொறிந்து எடுப்பாள். வியர்த்தால் கூடும். கொழும்பில் வியர்க்காத நாள் எது? "அம்மா, கடிக்குது" என்பதுதான் அவள் முழுதாகச் சொல்லப் பழகிய முதல் வசனம். நகத்தை ஒட்ட வெட்டினேன். தகப்பனுடைய பழைய காலுறைகளைக் கைகளில் மாட்டி மணிக்கட்டில் ரிபனால் கட்டினேன். ரிபனைப் பல்லால் கடித்து அவிழ்த்துவிடுவாள். காலையில் தலையணை உறையில் இரத்தப் பொட்டுகள் இருக்கும்.

"இறால் குடுத்தனீரோ?" என்று ஒருத்தி கேட்டாள். இறாலை நிறுத்தினேன். இன்னொருத்தி கத்தரிக்காய் என்றாள், அதையும் நிறுத்தினேன். பிறகு தக்காளி, முட்டை, அன்னாசி என்று ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் இடியப்பமும் பாலும்தான் மிஞ்சின. அப்போது மேல்மாடி அன்ரி வந்து, "பால்தான் பிள்ளை கூடவே கூடாது" என்றார். அவருடைய மகன் லண்டனில் இருந்தார், ஆகவே அவருக்கு வைத்தியமும் தெரியும் என்று எங்கள் ஒழுங்கையில் ஒரு நம்பிக்கை. குளிக்க வார்க்கவென்று நான் வேப்பிலைக் கொத்தோடு வந்ததைக் கண்ட ஒருத்தி, எங்கள் வீட்டில் அம்மாள் வருத்தம், அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லித் திரிந்தாள். தொற்றிவிடும் என்ற பயத்தில் ஒரு கிழமை எங்கள் படியில் யாரும் ஏறவில்லை. அந்த ஒரு கிழமைதான் நான் நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் வீட்டுக்குள்ளேயே இருந்தவர் மச்சாள், என் கணவரின் மூத்த அக்கா. பிள்ளைக்கு எட்டு மாதமானபோது கணவர் கனடாவுக்குப் போய்விட்டார். அவர் கூப்பிடும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்த மாடி அனெக்ஸில் இருந்தோம். இரண்டு வயதில் தாயை இழந்த தம்பியைத் தூக்கி வளர்த்தவர் மச்சாள். அதை ஒரு நாளைக்கு ஒரு தரமாவது எனக்கு நினைவுபடுத்தாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செமிக்காது.

பிள்ளையின் கடியைப் பற்றி அவர் போட்ட சட்டம் ஒன்றுதான். தகப்பனுக்குத் தெரியக்கூடாது.

"அவன் அங்க குளிருக்குள்ள தனியக் கிடந்து கஷ்டப்படுறான். இதையும் சொல்லி அவன்ர மனசை நோகப் பண்ணாதையும். அதோட இது பொம்பிளைப் பிள்ளை. வெளிய தெரிஞ்சால் நாளைக்கு ஆர் கட்டுவினம்?"

நாளைக்கு! பிள்ளை இன்னும் பாயில் சலம் போய்க்கொண்டிருந்தாள். அதற்குள் மச்சாள் அவளுக்கு மாப்பிள்ளை வீட்டாரையும் வரவழைத்து, அவர்கள் கோபித்துக்கொண்டு எழும்பிப் போவதையும் பார்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் காலி வீதியிலிருந்த கொமினிக்கேஷன் கடைக்குத் தொலைபேசி எடுப்பார். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஆள்தான் நிற்கலாம். நாங்கள் மூன்று பேரும் நிற்போம். மச்சாளின் காது ரிசீவருக்குப் பக்கத்திலேயே இருக்கும். "பிள்ளை எப்பிடி?" என்று அவர் கேட்க, நான் வாய் திறக்க முதல் மச்சாள் "நல்ல சுகம் தம்பி, நல்ல சுகம்" என்று கத்துவார். பிள்ளை அவருடைய தோளில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும்.

கொட்டாஞ்சேனையில் ஒரு தோல் டொக்டர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மூன்று பேருமாக பஸ் ஏறினோம். கோட்டைக்கு இந்தப் பக்கம் செக் பொயின்ற்றில் எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு பெண் சிப்பாய் என் இடுப்பிலிருந்த பிள்ளையின் கட்டிய கைகளைக் கண்டுவிட்டாள். "மே மொகத?" என்று சிங்களத்தில், இது என்னவென்று கேட்டபடியே, நான் பதில் சொல்ல முதல் காலுறையை இழுத்தாள். உள்ளே என்ன எதிர்பார்த்தாளோ தெரியாது. சீழும் பொருக்குமாக இருந்த கையைக் கண்டதும் விட்டுவிட்டு, தன் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு "யன்ன, யன்ன" என்றாள். போகச் சொல்கிறாள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் என்று போட்ட என் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காத செக் பொயின்ற் அந்த நாட்களில் கொழும்பில் இல்லை. அன்றைக்கு அதை அவள் கேட்கவேயில்லை. நான் காலுறையைத் திரும்ப மாட்ட, மச்சாள் பிள்ளையின் சட்டைக் கையை இழுத்துவிட்டு என் காதில் சொன்னார்: "பஸ்ஸுக்குள்ள தெரிஞ்ச ஆக்கள் ஆரும் பார்த்தினமோ?"

டொக்டர் பிள்ளையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "குடும்பத்தில ஆருக்காவது சின்னனில இப்பிடிக் கடி, இழுப்பு, தும்மல் இருந்ததோ?" என்று கேட்டார்.

"எங்கட பரம்பரையில ஒருத்தருக்கும் இல்லை டொக்டர்" என்றார் மச்சாள். கேள்வி முடியவில்லை, பதில் வந்துவிட்டது.

"உங்கட பக்கம்?"

நான் யோசித்துப் பார்த்து, என் தாய்மாமன் ஒருவர் தூசிக்குத் தும்முவார் என்று சொன்னேன். மச்சாள் "ம்" என்றார். அன்றிலிருந்து என் பிள்ளையின் கடிக்குக் காரணம் என் மாமாவின் மூக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. டொக்டர் சொன்ன மற்றவை எதுவும் அவருடைய காதில் ஏறவில்லை. வாசனைச் சவர்க்காரம் வேண்டாம், பவுடர் வேண்டாம், கம்பளி கிட்டவும் கொண்டுவரக்கூடாது, பழைய பருத்தித் துணிதான் நல்லது என்று சொல்லி ஒரு களிம்பும் தந்தார். கனபேருக்கு வளர வளர இது விட்டுப்போகும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வசனத்தை மட்டும் நான் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

களிம்பால் கொஞ்சம் ஆறி வந்தது. அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து வந்த ஒருவரிடம் கணவர் பார்சல் கொடுத்துவிட்டிருந்தார். உள்ளே வாசனைப் பவுடர், வாசனைச் சவர்க்காரம், கச்சான் கடலை போட்ட சொக்லேற், ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை. முழுக்கை, கழுத்தை மூடுகிற கொலர். வெள்ளவத்தையில், சித்திரை மாதத்தில். பிள்ளைக்கு ஆகாததை எல்லாம் தேடித் தேடி வாங்கியது போலிருந்தது. பாவம், அவருக்கு யார் சொன்னார்கள்?

"இதைப் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்ப வேணும்" என்றார் மச்சாள். "கையும் மறையும், கழுத்தும் மறையும்."

டொக்டர் சொன்னதைச் சொன்னேன். "பத்து நிமிசம் போட்டால் பிள்ளை செத்துப்போகாது. அவன் ஆசைப்பட்டு அனுப்பினதல்லோ?" என்றார். ஸ்ரூடியோவில் பெரிய லைற்றுகளைப் போட்டார்கள். மச்சாள் பிள்ளையின் கன்னத்துக்கு அந்தப் பவுடரையும் அப்பினார். பிள்ளை அழுதாள், நெளிந்தாள், முதுகைக் கதிரையில் தேய்த்தாள். படக்காரர் ஒரு ரப்பர் வாத்தை அமத்திக் கீச்சிட வைத்தார். ஒரு கணம் சிரித்தாள். அந்த ஒரு கணம்தான் படத்தில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் கழலவில்லை. முழங்கை மடிப்பில் கம்பளி நூல் புண்ணோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு விட்டு எடுத்தேன். பிள்ளை கத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, நான் குழப்படியோ?"

அவள் அதைக் குறும்பு செய்ததற்கான தண்டனை என்று நினைத்திருக்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சட்டையைக் கொண்டுபோய்க் குப்பை வாளிக்குள் போட்டேன். மச்சாள் அதை எடுத்துத் தோய்த்துக் காயப்போட்டார். கனடாச் சாமானாம்.

அடுத்த நாள் மச்சாள் கோயிலுக்குப் போன நேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே ஸ்ரூடியோவுக்குப் போனேன். கை இல்லாத பருத்திச் சட்டை, பவுடர் இல்லை, காலுறை இல்லை. படக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கையில உள்ள காயத்தைத் தெரியாமல் ரச் பண்ணித் தரட்டோ?" என்று கேட்டார். "வேண்டாம், உள்ளபடி எடுங்கோ" என்றேன். இரண்டு படங்களையும் ஒரே உறைக்குள் வைத்து அனுப்பினேன். ஒரு வரியும் எழுதவில்லை.

சில கிழமைகள் கழித்து ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் வழக்கம்போல் நெருக்கிக்கொண்டு நின்றோம். கணவரின் குரல் அன்று மிகத் தெளிவாக இருந்தது.

"படம் கிடைச்சது. பிள்ளையின்ர கை அப்பிடியே என்ர கை மாதிரி."

"எந்தக் கை?"

"சின்னனில எனக்கும் இப்பிடித்தானே. அக்கா சொல்லேல்லையே? பன்னிரண்டு பதின்மூண்டு வயசோட விட்டுப் போச்சு, நான் மறந்தே போனன். அக்காதான் பழைய வேட்டியைக் கிழிச்சு என்ர கையைக் கட்டிவிடுறவ. அவவைக் கேளும். அவவுக்கு எல்லாம் தெரியும்."

பத்து வருடம் இரத்தம் வரச் சொறிந்ததை மறந்துபோகிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது. ஆனால் அவரை நினைக்க எனக்கு அப்போது நேரமில்லை. மச்சாளைப் பார்த்தேன். அவர் பெட்டிக்குள் தொங்கிய கலண்டரில் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

வீடு வரும்வரை பொறுத்திருந்தேன். கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்: "மச்சாள், டொக்டர் கேட்கேக்க ஏன் இல்லை எண்டனீங்கள்?"

"அது வேற" என்றார். "அது சூடு."

"என்ன சூடு?"

"சூடு எண்டால் சூடு. உமக்கு விளங்காது."

பிள்ளை அதற்குள் ரிபனைப் பல்லால் அவிழ்த்துவிட்டுக் கையை வறட்டு வறட்டென்று சொறியத் தொடங்கியிருந்தாள். மச்சாள் எழும்பித் தன் பெட்டியைத் திறந்து, தோய்த்துத் தோய்த்து நைந்துபோன ஒரு வேட்டியை எடுத்துக் கிழித்தார். பிள்ளையை மடியில் இருத்தினார். விரலிலிருந்து தொடங்கி, முழங்கை மடிப்பில் இரண்டு சுற்றுக் கூடச் சுற்றி, முடிச்சை மணிக்கட்டில் போடாமல் தோளுக்குக் கீழே, கையின் பின்பக்கத்தில் போட்டார். எந்தப் பிள்ளையின் பல்லும் அங்கே எட்டாது. அவருடைய விரல்கள் ஒரு இடத்திலும் தயங்கவில்லை. இரண்டு வருடமாக நான் ரிபனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அந்த முடிச்சு அடுத்த அறையில் இருந்திருக்கிறது. பிள்ளை இரண்டு தரம் தலையைத் திருப்பி முடிச்சைத் தேடிப் பார்த்துவிட்டு, மச்சாளின் நெஞ்சில் சாய்ந்துகொண்டாள்.

மேல்மாடி அன்ரி எங்கள் யன்னலடியால் போனவர் நின்றார். "என்ன, பிள்ளைக்கு இன்னும் மாறேல்லையே?"

"எங்க மாறுது?" என்றார் மச்சாள், இரண்டாவது முடிச்சை இறுக்கியபடி. "தாய்ப் பக்கத்தால வந்ததல்லோ. தாயின்ர மாமன் ஒருத்தர் ஓயாமல் தும்முவாராம்."

நான் வாய் திறந்தேன். ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி சொல்ல என்னிடம் எல்லாமே இருந்தது. ஆனால் பிள்ளை அந்த மடியில் நித்திரையாகிவிட்டாள். பட்டப்பகலில், சொறியாமல், கைகளைத் தளரப் போட்டுக்கொண்டு அவள் தூங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எழும்பிவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.