ஒன்றே கால் அடி வாசல்

திருகாணி அக்காவின் கடைக்கு வழி கேட்டால் அந்தத் தெருவில் யாரும் கையை நீட்டிக் காட்ட மாட்டார்கள். கூடவே நடந்து வந்து விட்டுவிட்டு, வந்தது வந்தோம் என்று தங்களுக்கும் ஒரு கொக்கி வாங்கிக்கொண்டு போவார்கள். எட்டெட்டு அடியில் மூன்று ஷட்டர். மூன்றையும் ஏற்றிவிட்டால் கடையே எழுந்து தெருவுக்கு வந்தது போல இருக்கும். கீல், தாழ்ப்பாள், கயிற்றுச் சுருள், ரிப்பன் சுருள், பெயின்ட் டப்பா, உப்புத்தாள், ஏணி. சுவர் நெடுகச் சின்னச் சின்ன இழுப்பறைகள். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட, ஒவ்வொன்றின் முகத்திலும் அதே திருகாணியில் ஒன்றை முடுக்கி வைத்திருப்பாள்.

பெயர் வந்ததும் அதனால்தான். மற்ற கடைகளில் திருகாணி நூறு கொண்ட டப்பாவாகத்தான் கிடைக்கும். அக்கா ஒன்று கேட்டால் ஒன்று தருவாள். ஆடுகிற நாற்காலியின் பழைய திருகாணியைக் கொண்டுவந்து நீட்டினால் போதும், ஏணியில் ஏறி, பதினான்கு இழுப்பறையைத் திறந்து, மரையோடு மரை வைத்துப் பார்த்து, அதே மாதிரி ஒன்றை எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பாள். "நூறு ஓட்டை யார் வீட்டுல இருக்கு? ஒண்ணு தேவைன்னா ஒண்ணு வாங்கிட்டுப் போங்க" என்பாள். ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு மூன்று நாள் படுத்துக் கிடந்தபோது, எங்கிருந்தோ வரவேண்டிய பாகத்துக்காக இன்ஜினியர்கள் காத்திருக்க, அக்கா கொடுத்த ஒற்றை வாஷரில் தண்ணீர் குபுகுபுவென்று வந்ததாக ஒரு கதை உண்டு. பம்பு ஆபரேட்டர் இதுவரை அதை மறுக்கவில்லை.

கருத்து என்று வந்தால் அக்கா மரை இறுகிய ஆள். பிடிக்காதவர்கள் மரை கழண்ட ஆள் என்றார்கள். வரி கட்டுகிற மாதத்தில் முதல் நாள், நகரசபை ஜன்னல் திறப்பதற்கு முன்பே வரிசையில் முதலாவதாக நிற்பாள். "உழைச்சதுல பங்கு கேளு, குடுக்குறேன். மூச்சு விட்டதுக்குக் கேட்டா குடுக்க மாட்டேன்." கல்யாணம் ஆகிக் கடைக்கு வருகிற ஜோடிக்கு இலவசமாக ஒரு பூட்டும் இரண்டு சாவியும் தருவாள். மூன்றாவது சாவி மட்டும் தலைகீழாக நின்றாலும் கிடைக்காது. நகரசபையின் அளவுக்காரர் ஒருமுறை மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து மூன்றாவது சாவி கேட்டார்.

"இன்னொண்ணு யார்கிட்ட இருக்கு?" என்றாள் அக்கா.

"அவகிட்ட."

"அப்போ தொலையலையே. போய்க் கேளு, தம்பி."

போய்க் கேட்டார். பன்னிரண்டு வருடமாக அதே பூட்டு, அதே மனைவி.

அரசுப் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் அவளுக்கு ஒரு கருத்து இருந்தது. அவள் படித்ததும், மகள் படித்ததும், இப்போது மகள் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பதும் அங்கேதான். "வாய்ப்பாடு, கையெழுத்து, மரியாதை. இது மூணையும் நீங்க குடுங்க. பிள்ளைய வளர்க்கிறதை வீட்டுல நாங்க பாத்துக்கிறோம்" என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொல்வாள். மகள் அந்தப் பள்ளியில் படித்து முடித்துப் பன்னிரண்டு வருடம் ஆகியும் அவள் ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை. நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று கேட்கும் தைரியம் எந்தத் தலைமை ஆசிரியைக்கும் வந்ததில்லை.

இப்படிப்பட்டவளின் கடைக்குத்தான் வாசல் வரி வந்தது.

நகரசபைத் தலைவரை ஊர் ரிப்பன் தலைவர் என்று சொல்லும். புது மின்கம்பம் நட்டால்கூட ரிப்பன் கட்டி வெட்டுவார். அவர் கொண்டுவந்த தீர்மானம் இது: வாடிக்கையாளர் நுழையும் திறப்பு எத்தனை அடி அகலமோ, அத்தனை அடிக்குக் கடைக்காரர் வரி கட்ட வேண்டும். அந்தப் பணம் பள்ளிக்கூடக் கூரைக்கு. கேட்பதற்கு நல்லதாகத்தான் இருந்தது. அக்கா மட்டும் தெருவை ஒரு முறை பார்த்தாள். புறவழிச் சாலையில் விளையாட்டு மைதானம் அளவுக்கு ஒரு பெரிய கடை வந்திருந்தது. அதற்கு ஒரே ஒரு கண்ணாடிக் கதவு, ஐந்து அடி. அக்காவுக்கு இருபத்து நான்கு அடி.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டில் வீடு இரண்டாகியது. கடைக்குப் பின்னாலேயே வீடு, வீட்டுக்குப் பக்கத்திலேயே அவள் வீட்டுக்காரரின் தச்சுப் பட்டறை. அவர் பேசுவது குறைவு, இழைப்பது அதிகம்.

"ஒரு வருஷம் கட்டினா கல்லாவுல துடைக்கத் தூசிதான் மிஞ்சும். ரெண்டாவது வருஷம் கடையே இருக்காது" என்றாள் அக்கா. "கட்டப் போறதில்ல."

"சட்டம்னா கட்டத்தானே வேணும்" என்றார் அவர்.

"அந்தக் காசுலதாம்மா எங்க கூரை" என்றாள் மகள். "எனக்குச் சம்பளம் வர்றதும் வரியிலதான்."

"வரியே வேண்டாம்னு எப்போ சொன்னேன்? வருமானத்துக்குக் கேக்கட்டும். கதவு எனக்கு என்ன சம்பாதிச்சுக் குடுத்துச்சு? அது சும்மா நிக்குது."

முப்பத்தொரு வருட வாழ்க்கையில் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. பகலில் வந்த சண்டை, கடையில் விளக்குப் போடுவதற்குள் முடிந்துவிட வேண்டும். ஒருவர் சரி என்று சொல்லாமல் மற்றவர் பெரிய காரியத்தில் இறங்கக் கூடாது. அன்று விளக்குப் போடப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கா பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"ஏங்க, சட்டத்தை மீறாம ஒரு வழி இருக்கு. மூணு ஷட்டருக்கும் குறுக்க பலகைச் சுவர் வேணும். நடுவுல ஒன்றே கால் அடி மட்டும் விடுங்க."

அவர் உளியைக் கீழே வைத்தார். "ஒன்றே கால் அடியில நீயே போக முடியாது."

"பக்கவாட்டுல போவேன்."

அவர் அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு தச்சரின் கண்ணால் அளந்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரி" என்றார்.

மூன்றே நாளில் சுவர் எழும்பியது. அக்கா அந்த ஒன்றே கால் அடிக்கு உண்டான வரியை முதல் ஆளாகக் கட்டி, ரசீதைச் சட்டம் போட்டு வெளிப் பலகையில் மாட்டினாள். அப்புறம் ஆரம்பித்தது வேடிக்கை. ஏணி நீளவாக்கில் வெளியே வந்தது. கதவுப் பலகை சாய்ந்து வந்தது. தள்ளுவண்டியைக் கழற்றி விற்று, தெருவில் வைத்து மாட்டிக் கொடுத்தாள். வாடிக்கையாளர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நண்டு போல நுழைந்தார்கள். தையற்கடைக்காரரின் மனைவி, "அக்கா, உங்க கடைக்கு வந்து வந்தே எங்க வீட்டுக்காரர் ரெண்டு அங்குலம் இளைச்சுட்டாரு" என்றாள். அவர் காற்சட்டையை அவரே பிடித்துத் தைத்துக்கொண்டது உண்மை.

ஒரு மாதத்தில் தெருவே மெலிந்துவிட்டது. முடிதிருத்தும் கடை, பேனாக் கடை, சைக்கிள் கடை, எல்லாம் ஒன்றே கால் அடி. தலைவர் சும்மா இருப்பாரா? சுவரொட்டி ஒட்டினார்: பள்ளிக் குழந்தைகள் நனைகிறார்கள், கடைக்காரர்கள் ஒளிந்துகொள்கிறார்கள்.

அந்த வாரம் பிடித்தது மழை. மகள் ஒரு கட்டு நோட்டுப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் ஊறி உப்பியிருந்தன. பெயின்ட் டப்பாக்களின் மேல் ஒவ்வொன்றாக விரித்து வைத்தாள்.

"நீ சொல்ற நியாயம் எனக்குப் புரியுதும்மா. என் மூணாம் வகுப்புக்குப் புரியாது. அதுங்க தலையில சொட்டுது."

அக்கா நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றில், அழிந்துபோன எழுத்தில், எட்டாம் வாய்ப்பாடு பாதியில் நின்றிருந்தது.

மறுநாள் தலைமை ஆசிரியையின் மேஜை முன் நின்றாள்.

"கூரை வேலைன்னா நகரசபை கடிதம் வேணும்மா. ஆறு மாசம் ஆகும்" என்றார் தலைமை ஆசிரியை.

அக்கா பைக்குள்ளிருந்து பெற்றோர் குழுவின் விதிப் புத்தகத்தை எடுத்தாள். அதை முழுதாகப் படித்த ஒரே மனிதப் பிறவி அவள்தான். "சின்னப் பழுதைக் குழுவே சரி பண்ணிக்கலாம்னு ஒன்பதாவது பக்கத்துல இருக்கு."

"கூரை சின்னதாம்மா?"

"கூரை பெருசுதான், டீச்சர். ஓட்டை சின்னது. நான் ஓட்டையைத்தான் அடைக்கப் போறேன்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை. சைக்கிள் கடைக்காரர் தகடு வெட்டினார், தையற்கடைக்காரர் தார்ப்பாய் தைத்தார், முடிதிருத்துபவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஊர் வம்பையெல்லாம் சொல்லி வேலை அலுக்காமல் பார்த்துக்கொண்டார். அக்காவின் வீட்டுக்காரர் கூரையின் மேல் தவழ்ந்து நாற்பத்திரண்டு ஓட்டைகளை அடைத்தார். மூன்றாவது ஞாயிறு அடைமழை. மகள் பள்ளிக்கூடத்தைத் திறந்து, வகுப்பறை நடுவில் வறண்ட தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டு விழவில்லை. திரும்பி வந்து அம்மாவிடம், "உன் பிடிவாதத்துக்கு ஒரு கூரை லாபம்" என்றாள். அந்த வீட்டில் அதற்கு மேல் யாரும் கொஞ்சிக்கொள்வதில்லை.

கூரை ஒழுகாத செய்தி தலைவருக்கு ஒழுகியது. சொல்லிக்கொண்டிருந்த ஒரே காரணமும் கைவிட்டுப் போக, கோபம் தலைக்கேறி, நல்ல வெயிலில் அளவுக்காரரையும் கூட்டிக்கொண்டு அக்காவின் கடைக்கே வந்தார்.

"அளந்து பாரு. இவ்வளவு வியாபாரம் இந்தச் சந்துலயா நடக்குது?"

அளவுக்காரர் நாடாவைப் பிடித்தார். "ஒன்றே கால் அடி, தலைவரே. நூல் பிசகல."

"உள்ளே வேற வாசல் இருக்கும். நானே பார்க்குறேன்."

"வேண்டாம், தலைவரே" என்றாள் அக்கா உள்ளிருந்து. "நல்லதுக்குத்தான் சொல்றேன்."

தலைவர் மூச்சை இழுத்தார், பக்கவாட்டில் நுழைந்தார். பாதி தூரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் மூச்சு விட்டார். அங்கேதான் தப்பு. முன்னால் தொப்பை, பின்னால் பதவி, நடுவில் பலகை. அவ்வளவுதான், அசைய முடியவில்லை. அளவுக்காரர் வெளியிலிருந்து இழுத்தார், அக்கா உள்ளிருந்து தள்ளினாள். மெஷின் எண்ணெய் கால் லிட்டர் ஊற்றினார்கள். சட்டை வழுக்கியது, அவர் வழுக்கவில்லை. தெருவே கூடிவிட்டது. முடிதிருத்துபவர், இருக்கிற நேரத்துக்கு ஒரு ஷேவ் பண்ணிவிடட்டுமா என்று கேட்டார்.

"என்னம்மா" என்றார் தலைவர் ஈனசுரத்தில், "அந்த வரியை எடுத்துடுறேன். முதல்ல என்னை எடு."

கூட்டம் கைதட்டியது. அக்கா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அந்த வாக்கு எனக்கு வேண்டாம், தலைவரே. மாட்டிக்கிட்டு நிக்கிற ஆள்கிட்ட வாங்குறது திருட்டுச் சரக்கு மாதிரி. நீங்க தாராளமா வெளியே வாங்க. சபையில எனக்கு மூணு நிமிஷம் குடுங்க, போதும்."

தலைவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதற்குள் அவள் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து ஸ்குரூடிரைவரோடு வந்து, பலகையின் ஓரத்தில் குனிந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பலகை கதவு போலக் கையோடு வந்தது. தலைவர் கயிற்றுச் சுருள்களின் மேல் மெத்தென்று விழுந்தார்.

யாரும் அக்காவைக் கவனிக்கவில்லை. அவள் கணவரின் உள்ளங்கையில் கிடந்த நான்கு திருகாணிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் திருகாணி விற்கிறவள், தன் கடைச் சுவரில் அடித்திருப்பது ஆணி என்றே நினைத்திருந்தாள்.

"ஏங்க, ஆணி அடிக்கலையா?"

"ஆணி அடிச்சா பிடுங்கும்போது ஷட்டர் சட்டம் பிளந்துபோகும்."

"எதுக்குப் பிடுங்கணும்?"

"நீ ஜெயிச்சா திறக்க வேணாமா?" என்றார் அவர். "அன்னைக்கே முடுக்கிட்டேன்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, தூசி விழுந்தது என்று கண்ணைத் துடைத்தாள். உடனே குரலும் திரும்பி வந்தது. "சரி, மறுபடியும் மாட்டுங்க. தீர்மானம் வர்ற வரைக்கும் ஒன்றே கால் அடிதான். சட்டம் சட்டம்தான்."

சபையில் அவள் மூன்று நிமிடத்தில் இரண்டைத்தான் எடுத்துக்கொண்டாள். மைதானம் அளவு கடைக்கு ஐந்து அடி, மளிகைக்கும் தையலுக்கும் இருபது அடி, இது என்ன கணக்கு என்று கேட்டாள். லாபத்தில் பங்கு கேட்டால் முதல் நாள் முதல் ஆளாக வந்து நிற்பேன் என்றாள். மிச்சம் இருந்த ஒரு நிமிடத்தில் மகள் எழுந்தாள். "நான் மூணாம் வகுப்பு டீச்சர். இந்த வரி வேணும்னு அம்மாகிட்ட சண்டை போட்டவ. எங்க கூரை இப்போ ஒழுகல. அதைச் சரி பண்ணினது இந்தத் தெரு." அவ்வளவுதான் சொன்னாள்.

ஒன்பது உறுப்பினர்களில் ஏழு கை உயர்ந்தது. தலைவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, எட்டாவதாகத் தன் கையையும் தூக்கினார். வாசல் வரி போனது. அடுத்த வருடம் முதல் வருமானத்தைப் பார்த்து வரி என்று முடிவானது. பெரிய கடைக்காரரின் முகம் அன்று கண்ணாடிக் கதவைவிட வெளிறியிருந்தது என்று அளவுக்காரர் வந்து சொன்னார்.

மறுநாள் காலை தெரு முழுக்க ஸ்குரூடிரைவர் சத்தம். மூன்று ஷட்டரும் கடகடவென்று மேலே ஏற, வெயில் கடைக்குள் ஓடிவந்து இழுப்பறைகளின் மேல் மின்னியது. தலைவர் கையில் கத்தரியோடு வந்து நின்றார். ரிப்பன் கட்டியே தீர வேண்டும் என்றார்.

"கட்டுங்க. ரிப்பன் ஒரு அடி வேணுமா, முழுச் சுருளா? நான் ஒரு அடியும் குடுப்பேன்" என்றாள் அக்கா.

"இருபத்து நாலு அடி குடும்மா" என்றார் தலைவர். அதற்குக் காசும் கொடுத்தார்.

சுவரிலிருந்து கழற்றிய திருகாணிகளைப் பழசு என்று அவள் விற்க மறுத்துவிட்டாள். அவற்றைக்கொண்டு மகளின் வகுப்பறைக் கரும்பலகையை முடுக்கினார்கள். இடி விழுந்தாலும் இனி அது ஆடாது.

அன்று சாயங்காலம், இருபத்து நான்கு அடி அகலத்துக்குத் திறந்து கிடக்கிற கடையிலிருந்து, கையில் ஒற்றைத் திருகாணிப் பொட்டலத்தோடு, வாடிக்கையாளர் ஒருவரை வழியனுப்ப அக்கா வெளியே வந்தாள். வயிற்றை எக்கிக்கொண்டு, பக்கவாட்டில்.

பட்டறை வாசலில் நின்ற அவள் வீட்டுக்காரர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டது.