தம்பியின் பியர்ப் பீப்பாவும் உடைந்த யன்னலும்

என் தம்பி ரவிக்கு டென்மார்க்கின் ஹொல்ஸ்டெப்ரோ நகரில் யன்னல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. இந்தக் கோடையில் அவன் தன் சொந்த வீட்டு யன்னலை உடைத்தான். கல்லால் அல்ல... பியரால்!

சிரிக்காதீர்கள். அன்றைக்கு அங்கே நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரவியின் மகள் மீரா ஜூனில் ஜிம்னாசியம், அதுதான் உயர்தரப் பள்ளி, முடித்தாள். இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை — பாஸான பிள்ளைகள் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, மரக்கொப்புக் கட்டிய லொறியில் ஏறி, ஒவ்வொருவர் வீடாகப் போவார்கள். போகிற வீடெல்லாம் சாப்பாடு, குடி, கும்மாளம். பிறகு ஹோர்ன் அடித்துக்கொண்டு அடுத்த வீடு.

மற்றப் பெற்றோர் கடையில் பியர் வாங்கி வைத்தார்கள். ரவி வாங்குவானா?

"என்ர பிள்ளையின்ர வகுப்புக்கு என்ர கையால காய்ச்சின பியர்தான் அக்கா."

வேலையிடத்தில் இவனுடைய மேலாளர் வீட்டில் பியர் காய்ச்சுகிறவராம். டெனிஷ்காரரால் முடிந்தது நம்மால் முடியாதா? தாராளமாக முடியும். பீப்பா வாங்கப் போகும்போது மூளையையும் கூட்டிக்கொண்டு போனால்.

என் கணவர் பல வருஷம் வீட்டில் பியர் காய்ச்சியவர். அவர் காய்ச்சுவார், நான் பீப்பா கழுவுவேன். எங்கள் வீட்டு வேலைப் பங்கீடு அப்படி. அதனால் பியரைப் பற்றித் தெரியாவிட்டாலும் பீப்பாவைப் பற்றி எனக்குத் தெரியும். அதன் வாய் அகலமாக இருக்க வேண்டும் — முழங்கை வரை உள்ளே விட்டுத் துடைக்கிற மாதிரி. மூடியில் நல்ல வால்வ் இருக்க வேண்டும். பீப்பாவுக்குள் போன பிறகும் பியர் கொஞ்சம் புளிக்கும், காஸ் வரும். அளவுக்கு மிஞ்சினால் அந்த வால்வ் தானாகத் திறந்து வெளியே விடும். இவ்வளவுதான் விஷயம்.

ரவி எதைப் பார்த்து வாங்கினான்? நிறத்தை! ஒன்லைனில் வந்த பிளாஸ்டிக் பீப்பா, மரப்பீப்பா மாதிரிக் கோடு கோடாகப் பெயின்ற் அடித்தது. வாய் தேத்தண்ணிக் கோப்பை அளவு.

"கை போகாதேயடா. எப்படிக் கழுவுவாய்?" என்று ஃபோனில் கேட்டேன்.

"கொதிதண்ணி விட்டுக் குலுக்கினா எல்லாம் போகும்."

"பிளாஸ்டிக்குக்கு கொதிதண்ணி விடக்கூடாது. இளஞ்சூடு காணும்."

"அக்கா, நீங்கள் ஒடென்சேயில இருந்துகொண்டு இஞ்ச என்ர பீப்பாவைக் கழுவாதேங்கோ."

சரி, ராசா!

விருந்து நாள் காலையில் நான் போய் இறங்கினேன். பீப்பா பின்பக்க முற்றத்தில், நல்ல வெயிலில், மேசை மேல் கொலுவிருந்தது. எல்லாரும் பார்க்க வேண்டுமாம். கிட்டப் போய்ப் பார்த்தேன். அடிப்பக்கம் வீங்கி உருண்டு போய், விரலால் தொட்டாலே ஆடியது. பியர் பிடிக்கிற பைப் பூட்டியிருந்த இடம் கொதிதண்ணி பட்டுக் கோணியிருந்தது. மூடியைப் பார்த்தேன்... வால்வின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு படை.

"இது என்னடா?"

"பசை அக்கா. ஒவ்வொரு நாளும் உஸ் உஸ் எண்டு காத்துப் போச்சுது. பழுதான வால்வ். அடைச்சுப் போட்டன்."

என் வாழ்நாளில் எத்தனையோ கெட்டித்தனங்களைக் கண்டிருக்கிறேன். இது தனி ரகம். காப்பாற்றுவதற்காகச் சத்தம் போட்ட ஒரே சாமானின் வாயை ஒட்டி வைத்திருக்கிறான்! சீனியும் கொஞ்சம் கூடப் போட்டானாம், நுரை நல்லா வரட்டும் என்று.

"மூடியைக் கொஞ்சம் கழட்டி விடு. இப்பவே."

"காஸ் போனால் பியர் சப்பெண்டு போகும் அக்கா. பேசாமல் இருங்கோ, லொறி வருது!"

வந்துவிட்டது. ஹோர்னும் பாட்டும் கூச்சலுமாக வெள்ளைத் தொப்பிகள் முற்றம் முழுக்க நிறைந்தன. சுகந்தி — ரவியின் மனைவி, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் — ரோல்ஸ் தட்டோடு ஓடித் திரிந்தாள். நான் மீராவின் கையைப் பிடித்தேன். "பெடியளைப் பீப்பாவுக்கு முன்னால நிக்க வேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை." அவள் என் முகத்தைப் பார்த்தாள். போய், சிரித்துச் சிரித்தே ஒவ்வொருவராக இழுத்து ஒதுக்கினாள். மாஸ் என்ற நெடுவல் பெடியன் மட்டும் கிளாஸை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றான்.

ரவி டெனிஷில் ஒரு பேச்சுப் பேசினான். பெருமையாகப் பைப்பைத் திருகினான்.

திருகின பைப் அவன் கையில் நிற்கவில்லை.

டப்! மாஸின் காதைத் தாண்டிப் போய்ச் சமையலறை யன்னலில் அடித்தது. கண்ணாடி சொரிந்தது. பின்னாலேயே நுரை — ரவியின் முகத்தில், கோட்டில், ரோல்ஸ் தட்டில். பிறகு... பிள்ளைகள் எல்லாம் ஆர்ப்பரித்துக் கைதட்டினார்கள்! இரண்டு பேர் ஓடிவந்து நுரைக்குக் கீழே வாயைத் திறந்தார்கள். ஏதோ ஷோ என்று நினைத்துவிட்டார்கள், பாவங்கள்.

என் தம்பி என்ன செய்தான் தெரியுமா? குனிந்து வணக்கம் போட்டான்!

மீரா சிரிக்கவில்லை. கண்ணாடித் துண்டுகளுக்குள் கிடந்த பைப்பைப் பொறுக்கிக்கொண்டு வந்து தகப்பனின் உள்ளங்கையில் வைத்தாள். வழக்கமாக டெனிஷில்தான் பதில் சொல்லுகிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, இது அவன்ர கண்ணில பட்டிருந்தால்?"

ரவியின் முகம் விழுந்த விதத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாதிரித்தான்... அதிகமில்லை. ஈரக் கோட்டோடு மாஸிடம் போனான். தோளைப் பிடித்து ஏதோ மெதுவாகச் சொன்னான். அந்தப் பெடியன் "சூப்பர் பியர்!" என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறினான்.

பியர் சூப்பரா? நான் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். வினாகிரிப் புளிப்பு! கை போகாத பீப்பாவை ஆர் கழுவினது? அந்தப் பிள்ளைகளுக்குச் சுகந்தி கராஜில் ஒளித்து வைத்திருந்த கடைப் பியரைத்தான் லொறியில் ஏற்றி விட்டாள். அவளுக்குப் புருஷனைத் தெரியும்.

ஒன்று எனக்கு விளங்கவில்லை. நம்முடைய ஆட்கள் கார் டாஷ்போர்டில் சிவப்பு லைற் எரிந்தால் அதில் துணி போடுகிறார்கள். புகை அலாரம் கத்தினால் பற்றரியைக் கழற்றுகிறார்கள். எச்சரிக்கிற எதைக் கண்டாலும் அப்படி என்ன கோபம்? எச்சரிக்கிறது அக்கா என்றால் "பேசாமல் இருங்கோ!"

ரவி திருந்தினானா என்று கேட்பீர்கள். பாதி. புதுப் பீப்பா வாங்கினான். இந்த முறை கடைக்கே போய், சட்டைக் கையை மடித்து, உள்ளே கையை விட்டுப் பார்த்து வாங்கினானாம். இளஞ்சூட்டுத் தண்ணீர், மெல்லிய துணி, மூடி ரப்பருக்கு வாசலின் பூச்சு — எல்லாம் ஒழுங்கு. வால்வ் உஸ் என்றால் இப்போது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது என்று சுகந்தி சொன்னாள்.

போன ஞாயிறு அதைத் திறக்கும் வைபவத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தான். ஓகூஸ் நகரில் படிக்கப் போன மீராவும் வந்திருந்தாள். ரவி பைப்பில் கை வைத்தான். மீரா எழும்பிப் போய், சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்து மேசையில் அமர்ந்தாள்.

"என்ன பிள்ளை இது?" என்று ரவிக்கு ரோஷம் வந்துவிட்டது.

நான் கேட்டது வேறு: "மாமிக்கும் ஒண்டு இருக்கோ பிள்ளை?"