கசெற்றின் கடைசியில் மிஞ்சிய இடம்

நூலகத்திலிருந்து என் கசெற் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து தந்துவிட்டார்கள். திறந்ததும் பூஞ்சணமும் பழைய பிளாஸ்ரிக்கும் கலந்த மணம். கூடவே ரெக்கோடிங் பாரின் ஞாபகமும் வந்தது. பார் என்றதும் சாராயக் கடை என்று நினைக்காதீர்கள். கேட்ட பாட்டுகளைக் கசெற்றில் பதிந்து கொடுக்கிற கடை. பெயரைக் கேட்டே என் மாமா ஒருவர் என்னோடு கதைப்பதை நிறுத்தியிருந்தார்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் அப்படி ஒரு கடையில் நானும் நிசாரும் வேலை செய்தோம். அவன் முஸ்லிம் சனம் இருந்த சோனகத் தெருக்காரன். பதிவது அவன், உறையில் எழுதுவது நான். எனக்கு வேறெதுவும் தெரியாது. கேட்ட பாட்டுகள் எல்லாம் ஏறிய பிறகும் நாடாவின் கடைசியில் கொஞ்சம் வெறுமையாக மிஞ்சும். அப்படியே கொடுத்தால், ஏமாற்றிவிட்டோம் என்று சனம் சண்டைக்கு வரும். அரைப்பாட்டுப் போட்டால் அதற்கும் சண்டை. அதனால் நிசார் மைக்கை இழுத்து, மேசையில் தாளம் தட்டி, தங்கள் தெருக் கல்யாண வீடுகளில் பாடுகிற பாட்டுகளைப் பாடி நிரப்பிவிடுவான்.

ஒருநாள் பண்டத்தரிப்பில் வெங்காயத் தோட்டம் செய்கிற ஒருவர், கோயில் நாதஸ்வரக் கசெற்றோடு வந்து நின்றார்.

"தம்பி, மேளம் முடிய ஆரடா பாடுறது?"

நிசார் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டான்.

"உவன்தான் அண்ணை" என்று காட்டிக் கொடுத்தேன்.

"அப்ப அடுத்த கசெற்றிலை மேளத்தைக் குறைச்சு உவனைக் கூட்டி விடு."

தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் துவக்கோடு வந்து சோனகத் தெருவைக் காலி செய்யச் சொன்னார்கள். சொன்னவர்களும் தமிழ்தான் பேசினார்கள். அந்தச் சனம் உடுத்த உடுப்போடு போனது. கல்யாண வீடுகள் போயின, பாட்டும் போனது. நிசார் பாதி ஆயுளைப் புத்தளத்தில் கழித்துத் திரும்பி வந்தபோது தொண்டையில் ஒப்பரேசன் செய்திருந்தது. வாய் திறந்தால் காற்றுத்தான் வரும். அந்தப் பாட்டுகள் தெரிந்த வேறு ஆளை இரண்டு பேருமாகத் தேடினோம். ஒருவரும் அகப்படவில்லை. மிஞ்சியது, ஆட்கள் வந்து எடுக்காமல் கடையில் விட்ட கசெற்றுகளை நான் சேர்த்து வைத்த பெட்டி.

அதனால்தான் நூலகம் பழைய ஒலிப்பதிவுகளைச் சேர்க்கிறது என்றதும் சுமந்துகொண்டு போனேன். எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க ஒரு குழு வைத்திருந்தார்கள். அதன் தலைவர் காதை மூடிக்கொண்டு உறைகளை மட்டும் வாசித்தார்.

"உது படப்பாட்டு. இந்தியாவிலை குவிஞ்சு கிடக்கு. எங்களுக்கு எங்கடை மண்ணின்ரை இசைதான் வேணும்."

"ஐயா, கடைசி மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கோ. மண்ணின்ரை இசை அங்கைதான் கிடக்கு."

"உதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க ஆருக்கு நேரம்?"

ஒன்றை மட்டும் எடுத்தார்கள். நான் 'நாதஸ்வரம்' என்று எழுதியது. அதுவும் போதும் என்று நினைத்தேன். மேளம் முடிய அதிலும் நிசார் பாடுவான்.

இன்று வந்த பெட்டியில் அந்தக் கசெற் இல்லை. கொண்டுவந்த பெடியனைக் கேட்டேன்.

"கொம்பியூட்டரிலை ஏத்திப்போட்டு எறிஞ்சிட்டம் ஐயா, ஒரே பூஞ்சணம். கடைசியிலை ஆரோ குறுக்கை பாடியிருக்கினம். அதையும் வெட்டித் துப்பரவாக்கிப்போட்டம்."

நான் நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்து நின்றான். துப்பரவாக்கினார்களாம். இந்த ஊர் நிசாரைத் துப்பரவாக்குவது இது இரண்டாம் தடவை.

நிசாரிடம் போய்ச் சொன்னேன். காற்றாலேயே சிரித்தான். சொன்னதை உதட்டைப் பார்த்துத்தான் பிடித்தேன்.

"விடு மச்சான். நான் படப்பாட்டோடையே கிடந்திட்டுப் போறன். அதுகள் என்னை வெட்டேல்லை."

அவன் விடுவான். நான் விடுவதாக இல்லை. பெட்டியில் பாதிக் கசெற்றுகளில் நாடா சுற்றோடு சுற்று ஒட்டிவிட்டது. மீதியைப் போட்டுக் கேட்க, வேலை செய்கிற ஒரு பிளேயரை ஊர் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், பாட்டுத்தானே, இதிலை கேளுங்கோ என்று தங்கள் ஃபோன்களைக் காட்டுகிறார்கள். அதில் பாட்டு முடிகிற இடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. கடைசியில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒருவன் புகுந்து பாட அங்கே இடமே இல்லை.