அளவைச் சத்தமாகச் சொல்லாதவள்

பெண்கள் தையற்கடையில் அளவெடுக்கிற வேலை அவளுக்கு. பத்தொன்பது வருடமாகக் கழுத்தில் இன்ச் டேப் தொங்குவதால் எல்லோருக்கும் அவள் டேப்பக்கா. டேப் இல்லாமல் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால், கூட வேலை செய்கிற பெண்களுக்கே சட்டென்று அடையாளம் தெரியாது.

அவளுக்கு முன் அந்த வேலையில் இருந்த அம்மாள், திரைக்குள் நின்று அளவெடுத்து, வெளியே துணி வெட்டுகிற மாஸ்டருக்குக் கேட்கட்டும் என்று ஏலம் விடுகிற மாதிரி கத்துவாள். "மார்பு முப்பத்தொண்ணு! இடுப்பு முப்பத்தெட்டு!" காத்திருக்கும் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். உள்ளே இருப்பவள் கூனிக் குறுகி வெளியே வருவாள். டேப்பக்கா வந்ததும் அந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டினாள். அளவைச் சீட்டில் எழுதி, நான்காக மடித்து, மாஸ்டர் கையில் கொடுப்பாள். வாயால் சொல்லவே மாட்டாள். "இவ என்ன, ஓட்டுச் சீட்டா குடுக்குறா?" என்று மாஸ்டர் சலித்துக்கொள்வார். சலித்தால் என்ன, கடைக்குக் கூட்டம் கூடியது.

இத்தனை பேருடைய ரகசியத்தைக் காத்தவளுக்குச் சொந்தமாகவும் ஒன்று இருந்தது. பதிமூன்று வருடம் முன்பு, முப்பத்தொன்பதாவது வயதில், இரண்டு மார்பிலும் சிலிக்கான் வைத்துக்கொண்டாள்.

யாரும் அவளை வற்புறுத்தவில்லை. கணவன் கப்பலில் சமையல்காரன். வருடத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பவன். போனில் கேட்டதற்கு, "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டான். அளவறையில் ஒரு ஆளுயரக் கண்ணாடி உண்டு. வருகிற ஒவ்வொருத்திக்குப் பக்கத்திலும் அவள் தன்னையும் பார்த்தாக வேண்டும். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறோமே, நமக்கென்று ஒரு அளவு இருந்தால் என்ன என்று தோன்றியது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருந்தால், பிற்பாடு அவளுக்கே கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும்.

யாருக்கும் தெரியாமல் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆபரேஷன் முடிந்து அரை மயக்கத்தில் கிடந்தபோது அவளுடைய கூடப்பிறந்த அக்கா போன் செய்தாள். நர்ஸ் எடுத்து, "மார்புல ஆபரேஷன் முடிஞ்சிருக்கு, நல்லா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனை டேப்பக்காவின் காதில் வைத்துவிட்டாள். அந்தப் பக்கம் அக்கா அழுகிற சத்தம்.

"கட்டியாடி? என்கிட்ட சொல்லவே இல்லையே. கேன்சரா?"

"ஆமாக்கா. ஆரம்பம்தானாம். எடுத்துட்டாங்க."

ஒரு 'ஆமா'. அதைச் சொல்ல அவளுக்கு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலையில் அக்கா பச்சைப் பையோடு வந்து நின்றாள். ஓர் அலுவலகக் கேன்டீனில் சமைக்கிறவள். மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். தலை வாரினாள், கட்டுப் போட்ட இடத்தை விட்டு உடம்பு துடைத்தாள், சோறு பிசைந்து ஊட்டினாள். அந்த மாதம்தான் கேன்டீனுக்கு மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். லீவில் இருப்பவளை யார் நினைப்பார்கள்? வேறொருத்திக்குப் போய்விட்டது. "போகட்டும் விடு. உன் உயிரைவிட அது பெருசா?" என்றாள் அக்கா. டேப்பக்கா அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அந்த நாளைக்கு வரவே இல்லை. அக்காவின் கண்ணில் படாமல் இருக்கத் தன் உடுப்புகளைத் தானே தொளதொளவென்று வெட்டித் தைத்துக்கொண்டாள். ஆசைப்பட்டு வைத்த அளவை மூடி மறைக்கவே பாதி ஆயுள் போயிற்று என்றால் சிரிப்பீர்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன மாதம் இடது பக்கம் கல்லாக இறுகியது. வலி தோள் வரை இழுத்தது. டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பூசி மெழுகாமல் சொன்னாள்.

"உள்ள வெச்சதோட உறை கிழிஞ்சிருக்கும்மா. எடுத்துத்தான் ஆகணும். வலது பக்கமும் பழசு, சேர்த்து எடுத்துடலாம். புதுசு வைக்கிறதா, வெறுமனே விட்டுடறதா, அதை நீங்கதான் சொல்லணும்."

"விட்டுட்டா எப்படி இருக்கும்?"

"கொஞ்சம் தொங்கும், சுருங்கும். முன்ன இருந்த மாதிரி இருக்காது. அதை மறைச்சுச் சொல்ல மாட்டேன். யோசிச்சு வாங்க. கூட ஒருத்தர் வரணும்."

கூட வர அக்காவை விட்டால் யார்? "பழைய எடத்துலயே ஒரு சின்ன வேலைக்கா" என்று, போக வேண்டிய தேதியையும் சொல்லி, போனில் மென்று முழுங்கினாள். அக்கா, "திரும்ப வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டாள். இவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரே பொய்யை இரண்டாம் தடவை சொல்ல அவ்வளவு வாய்கூடத் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா மகள் கடைக்கு வந்தாள். இருபத்தாறு வயது, மருந்துக்கடையில் வேலை. அளவறைக்குள் வந்து திரையை இழுத்துவிட்டாள்.

"சித்தி, அம்மா சாப்பிடவே மாட்டேங்குது. எனக்கும் உடனே மறுபடி டெஸ்ட் எடுக்கணும்னு ஒரே பிடிவாதம்." டெஸ்ட்டுக்கான படிவம் ஒன்றை நீட்டினாள். "இதுல உங்களைப் பத்திக் கேட்டிருக்காங்க. அப்ப உங்களுக்கு வயசு முப்பத்தொன்பதுதானே?"

'குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா?' என்ற கேள்விக்கு எதிரே, 'சித்தி' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"இது எதுக்கும்மா இப்ப?"

"அம்மா வருஷா வருஷம் டெஸ்ட்டுக்குப் போறப்ப இதைத்தான் எழுதுது. நான் இருபது வயசுலேர்ந்து எழுதறேன்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "வீட்ல சொல்லாதீங்க சித்தி. எங்க கடைக்கு மருந்து கொண்டு வர்றவர் என்னைக் கட்டிக்கறேன்னு கேட்டார். வேண்டாம்னுட்டேன். நாளைக்கு எனக்கும் வந்துச்சுன்னா அவரை எதுக்கு இழுத்து விடணும்? உங்களைப் பாத்துத்தான் தைரியமா இருக்கேன். உங்களுக்கு எடுத்தும் நல்லாத்தானே இருக்கீங்க."

கண்ணாடியில் இரண்டு பேரும் தெரிந்தார்கள். டேப்பக்கா தன் முகத்தைப் பார்க்கக் கூசி, சுவரைப் பார்த்தாள். பேனாவை வாங்கி 'சித்தி' என்பதை அடித்தாள். ஒருமுறை அடித்தது போதாமல் எழுத்தே தெரியாதபடி அடித்தாள். பிறகு, பத்தொன்பது வருடப் பழக்கம், வாயால் சொல்ல வராமல் ஒரு சீட்டில் எழுதி, நான்காக மடித்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

அவள் பிரித்துப் படித்தாள். படித்ததையே திரும்பப் படித்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"அப்போ நான் அவர்கிட்ட வேண்டாம்னு சொன்னது?"

டேப்பக்கா கழுத்து டேப்பைக் கழற்றிச் சுருட்டத் தொடங்கினாள்.

"அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. இந்த மாதிரி சீட்டு வேண்டாம்." திரையை விலக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே சொன்னாள். அக்கா வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போகாமல், நின்றபடியே சொன்னாள். அக்கா திட்டியிருந்தால் தேவலை. சாம்பிப்போன முகத்தோடு, "வருஷா வருஷம் ரிசல்ட் கைக்கு வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காதுடி" என்றாள். "பதிமூணு வருஷம்." கதவைச் சாத்திக்கொண்டாள்.

டேப்பக்கா டாக்டரம்மாவுக்குப் போன் செய்து, புதுசு வேண்டாம், எடுத்துவிட்டால் போதும் என்றாள். அது தண்டனையா, தெளிவா என்று அவளுக்கே தெரியவில்லை. இனி அந்தக் கண்ணாடியில் எப்படித் தெரிந்தாலும் இதைவிடக் கேவலமாகத் தெரிய முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

குறித்த நாளில் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாள். பதிவு மேசையில் இருந்தவருக்குக் காது கொஞ்சம் மந்தம் போல. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன ஆபரேஷன்?"

டேப்பக்கா குனிந்து ஏதோ முனகினாள். "கேக்கலைம்மா" என்றார் அவர். மறுபடி முனகினாள். மறுபடி கேட்கவில்லை. கைப்பையில் சீட்டைத் தேடினாள்.

"சத்தமா சொல்லு."

திரும்பினாள். அக்கா நின்றிருந்தாள். தோளில் அதே பச்சைப் பை. ஓரம் பிய்ந்து வேறு நூலில் தைத்திருந்தது. முகத்தில் துளி இளக்கம் கிடையாது.

"பொய்யை மட்டும் எனக்கு நல்லாக் கேக்குற மாதிரித்தானே சொன்ன? இதையும் சொல்லு."

டேப்பக்கா கைப்பையை மூடினாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"மார்பு பெருசாத் தெரியணும்னு சிலிக்கான் வெச்சிருந்தேன். அதை எடுக்கப் போறேன்."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேசைக்காரர் நிமிராமலே கேட்டார்.

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டும்."

"கூட இருக்கப் போறது யாரு?"

அக்கா என்று சொல்ல இனி உரிமை உண்டா என்று திரும்பிப் பார்க்கவும் தைரியம் வரவில்லை. மேசைமேல் பச்சைப் பை வந்து உட்கார்ந்தது.

"அக்கான்னு எழுதிக்குங்க" என்றாள் அக்கா. "கேன்சர் இல்லைன்னும் எழுதுங்க. பெருசா எழுதுங்க."