அக்கா அடிக்கச் சொன்ன வார்த்தை

செவ்வாய்க்கிழமை காலை. திருத்தணி முருகன் படத்துக்கு விளக்கேற்றிய தீக்குச்சியை இன்னும் கீழே போடவில்லை. திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து போன். "சின்னம்மா, பெரிம்மா பூட்டாங்க." கன்னியம்மா அக்காவைத்தான் அவன் பெரியம்மா என்பான். அழுதவன் சேகர். ஆமாம், அக்காவின் ஒரே மகன் முருகேசனைக் கடப்பாரையால் அடித்துக் கொன்ற அதே சேகர். கடைசி மூன்று நாள் அவளுக்குக் கஞ்சி ஊட்டியவனும் அவன்தான். ஊர்க்காரர்களே, முகம் சுளிப்பவர்கள் சுளியுங்கள். நான் எழுதத்தான் போகிறேன்.

பம்புசெட் தண்ணீருக்காக வரப்பில் நடந்த சண்டை அது. சித்தூர் கோர்ட்டுக்கு நானும் துணைக்குப் போனேன். வாசலில் சேகரின் அம்மா அக்காவின் காலைப் பிடித்தாள். "சரியா பாக்கலன்னு சொல்லிடுக்கா. ராஜி ஆயிடலாம், சமாதானமா போயிடலாம்."

"நான் பாத்துக்கினு இருக்கசொல்லதானே அடிச்சான்? எம்புள்ள தானா செத்தானா?"

கூண்டில் ஏறி, விரல் நீட்டி, "இவன்தான்" என்றாள். அவனுக்கு ஆயுள் தண்டனை. அன்று அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றீர்கள்.

பல வருஷம் கழித்து, அவனை முன்கூட்டியே விடலாமா என்று விசாரிக்க ஓர் ஆபீசர் வந்தார். அக்கா வேர்க்கடலை உடைத்துக்கொண்டே, "விட்டுடுங்க சார். மன்னிச்சிட்டேன்" என்றாள். அவர் தெலுங்கில் எழுதினார்.

"இன்னா எழுதினாரு, படி ஜெயா."

எட்டாவது வரை படித்த தெலுங்கில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரு தரப்பும் ராஜி ஆகிவிட்டதாக இருந்தது.

"அந்த வார்த்தைய அடி சார்."

"ரெண்டூ ஒகட்டே கதம்மா" என்று சிரித்தார். இரண்டும் ஒன்றுதானாம்!

"எப்டி சார் ஒண்ணாவும்? ராஜின்னா ரெண்டு பேரு மேலயும் தப்புன்னு ஆவும். எம்புள்ள இன்னா தப்பு பண்ணான்? தப்பு அவுனுது. அத்த மொதல்ல எழுது. அப்பறம் மன்னிச்சேன்னு எழுது. தப்பே இல்லன்னா எத்த மன்னிக்கிறது?"

அவர் அடித்துவிட்டு எழுதினார். ஜெராக்ஸ் ஒன்றும் வாங்கிக்கொண்டுதான் கைநாட்டு வைத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மன்னிக்கிறதுக்கு நீ இன்னா பெருமாளாக்கா?"

"பெருமாளு புள்ளயவா அடிச்சான்? எம்புள்ளய. நான்தான்டி மன்னிக்கணும்."

நாள் தவறாமல் திருப்புகழ் படிக்கிற நான், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உடைத்தேன்.

வெளியே வந்த சேகர் அவள் வாசலில் நின்றான். "இன்னா பண்ணேன்னு வாயால சொல்லிட்டு உள்ள வா" என்றாள். தலை குனிந்து, திக்கித் திக்கி, ஒன்று விடாமல் சொன்னான். முழுக்கக் கேட்டாள். பிறகு, "கைய கழுவிக்கினு வா. துன்னு" என்றாள்.

புதன்கிழமை அவன் பாடையில் கை வைத்தபோது தடுத்தீர்கள். "ராஜி ஆனவதானே" என்று ஒருவர் முனகினார். நான் தெருவில் உங்களுக்குக் குறுக்கே நின்றேன். அவன் தூக்கினான்.

அந்த ஜெராக்ஸ் இப்போது என் வீட்டில், முருகன் படத்தடியில் இருக்கிறது. ராஜி என்ற சொல்லின் மேல் ஒரு கோடு. அக்கா எனக்கு விட்டுப்போனதில் அது போதும். சந்தேகம் உள்ளவர்கள் வாருங்கள். தெலுங்கு தெரியாவிட்டால் நானே படித்துக் காட்டுகிறேன்.