களத்துக்குத் தள்ளிய கார்

எங்கள் ஊரில் பெரியப்பாவின் காரில் ஏறிப் போனவர்களைவிட அதைத் தள்ளிப் பார்த்தவர்கள்தான் அதிகம். கெலமங்கலத்துக்குப் பக்கத்தில், கேழ்வரகும் கொள்ளும் விளைகிற சிற்றூர் அது. ஐம்பதுகளின் நடுவில், எனக்கு ஏழு வயதிருக்கும்போது, பெரியப்பா பெங்களூரிலிருந்து ஒரு பழைய கறுப்புக் காரை ஓட்டிவந்து மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினார். அங்கே கட்டியிருந்த மாடுகள் வேப்பமரத்தடிக்குப் போயின. அன்றிலிருந்தே பெரியம்மாவுக்கு அந்தக் காரைக் கண்டால் ஆகாது.

தினமும் விடிந்ததும் பண்ணையாட்கள் சேர்ந்து காரைக் களத்துக்குத் தள்ள வேண்டும். கொட்டகைத் தரை, மாட்டு மூத்திரம் வடிவதற்காகச் சரிவாகப் போட்டது. சரிவில் நின்றால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, அளவு பார்க்கிற குச்சி பொய் சொல்லும், பார்க்காமல் இன்ஜினைக் கிளப்பவும் கூடாது என்று, பெரியப்பாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கன்னடக்காரர் சொல்லியிருந்தாராம். களம் சாணி மெழுகிய சமதரை. அங்கே நிறுத்தி, மூடியைத் தூக்கி, இன்ஜினிலிருந்து நீளமான இரும்புக் குச்சியை உருவுவார். பழைய வேட்டிக் கிழிசலில் துடைத்து, மறுபடி சொருகி எடுத்து, அதிலிருக்கும் இரண்டு கோட்டுக்கு நடுவே ஆயில் நிற்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பிறகு இன்ஜினைக் கொஞ்ச நேரம் உறுமவிட்டு நிறுத்திவிட்டு, திரும்பவும் கொட்டகைக்கே தள்ளச் சொல்வார். கார் எங்கேயும் போகாது.

சந்தைக்கு மாட்டுவண்டி, கல்யாணத்துக்கும் மாட்டுவண்டி. ஊர் சும்மா இருக்குமா? யானையைக் கட்டித் தீனி போடுகிறார் என்றார்கள். தானிய அறையில் அவர் ஆயில் டின்களை அடுக்கிவைத்ததில், கேழ்வரகுக் களியில்கூட அந்த வாடை அடிக்கிறது என்று பெரியம்மா சண்டை போட்டாள்.

அம்மா அப்போது நிறைமாதம். அப்பா கோலார்த் தங்கச் சுரங்கத்தில் வேலையாக இருந்ததால் எங்களுக்கு எல்லாமே பெரியப்பாதான். அதற்கு முந்தைய பிரசவத்தில் அம்மாவை ஓசூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். வண்டி போய்ச் சேருவதற்குள் குழந்தை போய்விட்டது. அம்மா பிழைத்தது மறுபிறவி. என்னிடம் மட்டும், அம்மா தாத்தா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தார்கள். அம்மா மறுபடி உண்டான பிறகுதான் கார் வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கிற வயதா எனக்கு?

கெலமங்கலத்தில் மாரியம்மன் பண்டிகை வந்தது. இந்தத் தடவை காரில்தான் போகப்போகிறோம் என்று தெருப் பிள்ளைகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். அன்று காலை பெரியப்பா வழக்கம்போல ஆயில் பார்த்தார். காரைக் கொட்டகையில் விட்டார். மாட்டுவண்டியைப் பூட்டினார். நான் போகிற வழியெல்லாம் அழுதேன். உலகத்திலேயே பெரிய கஞ்சன் அவர்தான் என்று நினைத்து, அவர் வாங்கிக் கொடுத்த பொரியைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் பண்டிகைக் களைப்பில் ஆட்கள் யாரும் வேலைக்கு வரவில்லை. தள்ள ஆளில்லாமல் கார் கொட்டகையிலேயே நின்றது. அன்றைக்குப் பார்த்துத்தான், வெயில் ஏறுகிற நேரத்தில் அம்மாவுக்கு வலி கண்டது. கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்ற விதத்தைப் பார்த்து நான் ஓடிப்போய்ப் பெரியப்பாவைக் கூட்டிவந்தேன். அவர் வந்ததும் காரைக் களத்துக்குத் தள்ள வேண்டும் என்றார்.

“இப்பயுமா குச்சி பாக்கப் போறீங்க? அவ நெலமயப் பாருங்க மொதல்ல” என்றாள் பெரியம்மா.

“பாத்துட்டுதான் சொல்றேன். பாதி வழியில ஆயில் இல்லாம இஞ்சின் கட்டிக்கிச்சுன்னா போன தடவ மாதிரிதான் ஆவும். தள்ளு” என்றார்.

பெரியம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினாள். நானும் பின்னால் கைவைத்துத் தள்ளினேன். களத்தில் உருவிய குச்சியின் நுனியில் மட்டும் ஆயில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால், கார் நின்ற இடத்து வைக்கோலெல்லாம் கறுப்பாக ஊறிக் கிடந்தது. முந்தைய நாளிலிருந்து ஒழுகியிருக்கிறது. பெரியப்பா டின்னைக் கவிழ்த்து ஊற்றினார். அம்மாவையும் பெரியம்மாவையும் பின்சீட்டிலும் மிச்ச டின்களை முன்சீட்டிலும் ஏற்றிக்கொண்டார். வழியில் ஒரு ஏரிக்கரையில் நிறுத்தி, குச்சி பார்த்து, மறுபடி ஊற்றித்தான் ஓசூர் போய்ச் சேர்ந்தார்களாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதைப் பெரியம்மா பிற்காலத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அம்மா எண்பது வயதுவரை இருந்தாள். அவள் கையால் நான் சாப்பிட்ட ஒவ்வொரு கவளத்துக்கும் பெரியப்பாவுக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எங்கே தெரிந்தது? சில நாள் கழித்துக் கார் திரும்பி வந்தது. பின்சீட்டில் அம்மா, அவள் மடியில் தம்பி. முன்னால் இறங்கிப்போன பெரியம்மா ஆரத்தி கரைத்து வந்து சுற்றினாள், முதலில் அவர்களுக்கு, அப்புறம் காருக்கு. எனக்கு வயிறு எரிந்தது. பெரியப்பா இறங்கியதும் கேட்டேன்: “எனக்கு மட்டும் மாட்டுவண்டி. நேத்துப் பொறந்தவனுக்குக் காரா?”

“ஒங்கம்மாவக் கூட்டியாந்து உட்டுட்டேனே கண்ணு, அது பத்தலயா?” என்றார்.

பத்தாது என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தார். களத்தைச் சுற்றி ஒரு வட்டம் கூட்டிப்போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டு மூடியைத் திறந்து, குச்சியை உருவித் துடைக்க ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எப்போது பார்த்தாலும் இந்தக் குச்சிதானா, சீக்கிரம் வாங்க என்று உள்ளேயிருந்து கத்தினேன்.