வெங்காய வேரில் பிரிந்த சிவப்புக் கலம்

வினாகிரி மணம் மூக்கில் பட்டால் இன்றும் எனக்குச் சமையல் நினைவு வருவதில்லை... மன்னார்த் தீவில் நான் படித்த பள்ளிக்கூட ஆய்வுகூடமும், பெருவிரலில் ஒரு கிழமையாகியும் போகாத சிவப்புச் சாயமும்தான்.

அப்போது ஏ.எல். என்கிற உயர்தர வகுப்புப் படித்தேன். வெங்காய வேரின் நுனியை வெட்டி, வினாகிரி மணக்கும் சிவப்புச் சாயமிட்டு, நசுக்கி, ஓர் உயிர்க்கலம் இரண்டாகப் பிரிவதை நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைய வேண்டும். வகுப்பில் எவர் கண்ணிலும் அது படவில்லை. "இந்த வெக்கைக்கு வராது" என்று முடிவுகட்டி, எல்லோரும் புத்தகப் படத்தையே கொப்பியில் வரைந்துவிட்டார்கள்.

என்னால் முடியவில்லை. நேர்மை என்று சொல்ல மாட்டேன், பயம். உயிரியல் படிப்பித்த சேர் ஒரு கேள்வி கேட்டாலே என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். மாதக் கடைசி வெள்ளி அவர் கொப்பியில் கையொப்பமிடுவார். அது இல்லாவிட்டால் செய்முறைச் சோதனை இல்லை. என் பக்கம் வெறுமையாகவே கிடந்தது.

வேர்விட வெங்காயம் வைத்த என் தண்ணீர்ப் போத்தல்களில் வேர்கள் கட்டையாகி, கறுத்தன. வெங்காயத்தை மாற்றினேன், போத்தலை மாற்றினேன், யன்னலை மாற்றினேன்... எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்தும் வைத்தேன்.

தீவுக்கு வெளியே, பெருநிலத்து நறுவிலிக்குளத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த நண்பன் ஒருநாள் போத்தலில் விரலை விட்டு நக்கிப் பார்த்தான்.

"டேய், கடலுக்கயோ வெங்காயம் வைச்சிருக்கிறாய்?"

"பள்ளிக்கூடக் கிணத்துத் தண்ணி மச்சான். நல்ல தண்ணி."

"தீவு ஆக்களுக்கு நல்ல தண்ணிதான். வெங்காயம் என்ன தீவிலயோ பிறந்தது?"

பிறந்ததிலிருந்து அப்படிப்பட்ட தண்ணீரைக் குடித்த என் நாக்குக்கு உப்பே தெரியவில்லை. மாற்றியவற்றின் பட்டியலில் தண்ணீர் மட்டும் இல்லை...

ஞாயிறு ஊருக்குப் போனவன் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை இரண்டு போத்தலில் கொண்டுவந்தான். வியாழனுக்குள் வேர்கள் வெள்ளை நூலாக இறங்கின.

கையொப்ப நாளான வெள்ளி காலை. நுனிகளை வெட்டி, சாயமிட்டு, நசுக்கினேன். மூன்றாவது கண்ணாடித் துண்டில்... ஒரு கலத்துக்குள் சிவப்பு இழைகள் இரண்டு கூட்டமாகி, எதிரெதிர்ப் பக்கமாக இழுபட்டு நின்றன. நம்பாமல் கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

நின்றன!

சேர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"தம்பி... படத்தில படிப்பிச்சதை நானும் இண்டைக்குத்தான் கண்ணால காணுறன்." பிறகு வகுப்பைப் பார்த்து, "எல்லாரும் வரிசையில வாங்கோ. பழைய படத்தை வெட்டிப்போட்டு, பாத்துக் கீறுங்கோ!"

"எங்கட ஊர்த் தண்ணி சேர்!" என்று பின்னாலிருந்து கத்தினான் நண்பன்.

இப்போது கைபேசியிலேயே கலங்கள் வண்ண வண்ணமாக, அசைந்து அசைந்து பிரிகின்றன. அழகுதான். என்னுடையது அசையவில்லை, சாயத்தில் செத்த கலம்.

ஆனாலும், கதவைப் பூட்டினேனா என்று இரண்டு முறை திரும்பிப் போய்ப் பார்க்கிற எனக்கு, அந்த ஒன்றில் மட்டும் இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை. நான் கண்டேன்.